டிவிக்குச் சந்தனம் பூசியவன்

ஒரு தொழிற்சாலையை நிறுத்த மூன்று விரல் போதும். நான் நிறுத்தியிருக்கிறேன்.

ஒரகடத்தில் கார் இருக்கை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொருளாதாரத்தில் எம்.ஏ. (அந்தப் படிப்பு இந்தக் கதையில் எந்த இடத்திலும் உதவிக்கு வராது.)

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது ஸ்டோர்ஸ் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டினார்கள். டாஷ்போர்டு என்றார்கள். எந்தப் பொருள் எத்தனை நாளைக்கு வரும் என்று அதில் வரிசையாகத் தெரியும். சீக்கிரம் தீரப்போவது மேலே, சிவப்பில். அடுத்தது மஞ்சள், கவலையில்லாதது பச்சை. தினமும் காலையில் அதன்முன் நின்று, மேலிருந்து ஐந்து வரிகளைப் படித்து, அந்தப் பொருள்களைத் தருகிறவர்களுக்குப் போன் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. முப்பது வருடம் நோட்டுப் புத்தகத்தோடு அலைந்த எனக்கு அந்த டிவி மேல் அப்படி ஒரு காதல். கம்ப்யூட்டரிலும் அதே பட்டியல் உண்டு. நான் அதைத் திறந்ததே கிடையாது.

ஆயுத பூஜை வந்தது. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு மாலை, எடைமேடைக்குப் பொட்டு. டிவிக்கு மட்டும் நானே என் கையால், ஸ்டூல் போட்டு ஏறி, மூன்று விரல் சந்தனத்தைக் குழைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பட்டையாக இழுத்தேன். நடுவில் பெரிய குங்குமம். எல்லோரும் கைதட்டினார்கள். பக்தி என்று சொன்னால் சாமி கோபித்துக்கொள்ளும். அது வெறும் வீம்பு.

பட்டை விழுந்த இடம், முதல் வரி.

பூஜை லீவு முடிந்து வந்த அன்றே கலைச்செல்வி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, ஸ்டோர்ஸ் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பெண். சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அடுத்த வாரம் அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவாக வேண்டும்.

"சார், மேல ஒரு வரி மறையுது. தொடைச்சிரட்டுமா?"

"பூஜைச் சந்தனத்துல கை வெக்கக்கூடாதும்மா. அதுவா உதிரும்."

"அதுவரைக்கும் சார்?"

"தெரியறதப் பாரு."

மறுநாள் மறுபடியும் வந்தாள். "சார், கம்ப்யூட்டர்ல பாத்தேன். சீட் கவர் மாட்டற கிளிப் ஒரு நாளைக்குத்தான் கீது. அதான் சார் மொதல் வரி."

நான் டிவியை அண்ணாந்து பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்த முதல் வரி, நூல் கையுறை. "டிவியில காணோமே. வரட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லி, கையுறைக்காரருக்குப் போன் போட்டு அவர் உயிரை எடுத்தேன். பட்டைக்கு அடியில் சிவப்பு கசிந்துகொண்டுதான் இருந்தது. குங்குமம் என்ன ஜொலிப்பு ஜொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு உற்பத்தி லைன் நின்றது. கிளிப் இல்லை. கையுறை மட்டும் மலைபோல் வந்திறங்கியிருந்தது. நூறு பேர் புத்தம்புதுக் கையுறையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

பிளான்ட் ஹெட் ஸ்டோர்ஸுக்குள் வந்தார். "யாரு சார் இத பாக்கறது?"

இந்த இடத்தைத்தான் எழுத இத்தனை வருடம் தயங்கினேன். நான் சொன்னேன்: "கலைச்செல்விதான் சார். பாருங்க, கிளிப் பட்டியல்லயே இல்ல. சரியா ஏத்தியிருக்க மாட்டா."

அவள் என்னைப் பார்த்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்குப் பதிலாகப் பேசியது, தரை துடைத்துக்கொண்டிருந்த மேரியக்கா. "இன்னா சார் இப்டி சொல்றீங்க? அந்தப் பொண்ணு தொடைக்கிறேன் தொடைக்கிறேன்னு ஒங்க பின்னாலயே சுத்திகினு இருந்துச்சி. நீங்கதானே சாமி குத்தம்னு வெரட்டினீங்க?" சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறி, ஈரத்துணியால் ஒரே இழுப்பு.

சந்தனத்துக்குப் பின்னாலிருந்து தகதகவென்று சிவப்பாக எழுந்தது முதல் வரி: சீட் கவர் கிளிப். கையிருப்பு பூஜ்யம்.

யாரோ ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிளான்ட் ஹெட் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. டிவியைப் பார்த்தார், என் நெற்றியிலிருந்த சந்தனத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

கிளிப் செய்கிற கம்பெனி இருக்கும் மறைமலை நகருக்கு வேனோடு நானே போனேன். கிளிப் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைத்தாச்சியைப்போல் குலுங்காமல் திரும்பி வந்தேன். மூன்று மணிக்கு லைன் ஓடியது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து (ஆமாம், முதல்முறையாக) பிளான்ட் ஹெட்டுக்கு எழுதினேன்: 'தவறு என்னுடையது. அந்தப் பெண் இருமுறை எச்சரித்தாள். நான் கேட்கவில்லை. உங்களிடம் பொய்யும் சொன்னேன்.' இரண்டு விரலால் தட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

மறுநாள் காலைக் கூட்டத்தில், டிவி முன்னால், எல்லோர் எதிரிலும் சொன்னேன். "கலைச்செல்வி, நான் பண்ணது தப்பு. மன்னிச்சிரும்மா."

"பரவால்ல சார். அடுத்த வருஷம் சந்தனத்த ஃபிரேம்ல வைங்க" என்றாள். மேரியக்கா சிரித்த சிரிப்பு லாரி நிற்கும் லோடிங் பே வரை கேட்டது.

அவள் வேலை நிரந்தரமானது. இன்று என் நாற்காலியில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த டிவியைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். ஃபிரேமின் மூலையில் கடுகளவு பொட்டு. நான் பெரிதாக்கிப் பார்ப்பேன். முதல் வரி பளிச்சென்று தெரியும். அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இருக்கும்.

வீட்டில்தான் எனக்கு மன்னிப்பு கிடையாது. கடைக்குப் போய்வந்து "பெருங்காயம் லிஸ்ட்ல இல்லியே" என்று சொன்னால் போதும், "சந்தனத்துக்குப் பின்னால இருக்கும், தொடைச்சிப் பாருங்க" என்பாள் மனைவி. போன பூஜைக்குக் கிண்ணத்தோடு ஃபிரிட்ஜ் பக்கம் போனேன். மளிகைப் பட்டியல் அதன் கதவில்தான் ஒட்டியிருக்கும்.

கூடத்திலிருந்து மகள் அலறினாள்: "அம்மா, ஓடியா! அப்பா சந்தனத்தோட கிளம்பிட்டாரு. நாளைக்குக் காப்பித்தூள் கிடையாது!"