கறுப்புக் கோடு போட்ட தாள்

திண்டுக்கல், நாகல் நகர்,
வியாழக்கிழமை.

என்னோடு பிறந்தவளும், பெற்றவளுக்கு அடுத்தபடி என்னை அதிகம் அடித்து வளர்த்தவளுமாகிய அக்கா சோலையம்மாள் அவர்களின் சமூகத்துக்கு, தம்பி பொம்மையன் மிகுந்த பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நான் இடது முழங்கால் நீங்கலாக நலம். சேவுகம்பட்டியில் நீயும், மகன் பொன்னழகும், மருமகள் மணிமேகலையும், பேரப்பிள்ளைகளும், கொட்டத்தில் கட்டிக்கிடக்கும் மாடும் கன்றும் நலமாயிருக்க நம் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் தலைபோகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை உன் வீட்டில் எல்லோரும் தலையிலடித்து அழுதுகொண்டு வேனில் ஏறிப் போனார்களே, அன்றைக்கு யாரும் சாகவில்லை. நம் சொந்தத்தில் ஒருவரும் சாகவில்லை. என்ன நடந்தது என்று உனக்கு ஒருவரும் எழுதிக் காட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் மேல் பெரிய தப்பு ஒன்றும் இல்லை என்பது உனக்கு விளங்கும். ஆகையால் பொறுமையாகப் படி.

எல்லாம் நீ சித்திரையில் எழுதிய கடிதத்தில் தொடங்கியது. 'ஏலே, நீ எழுதுறது எறும்பு ஊர்றாப்ல இருக்கு. ஒரு எழுத்தும் வெளங்கல. இனிமே எழுதாத' என்று எழுதியிருந்தாய். உன் வரிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் கிடந்தன. ஏதோ அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு அவசரத்தில் எழுதியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். என் கையெழுத்து அழகில்லை என்பது ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் விசில் ஊதிப் பிழைத்தவன் நான். போர்டில் எழுதினால் பிள்ளைகள் சிரிக்கும் என்று மைதானத்தை விட்டு வகுப்புக்குள் காலெடுத்து வைத்தவன் இல்லை. அதற்காக 'இனிமே எழுதாத' என்று சொல்லலாமா? அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அன்று முழுவதும் சோறு பொங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஏன் அப்படி உட்கார்ந்தேன் என்றும் சொல்கிறேன். உனக்குக் காது போனதிலிருந்து நமக்குள் பேச்சு என்பதே கடிதத்தில்தான். போன் போட்டால் "யாரு? யாரு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். நேரில் வந்தால், காது கேட்காததைக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, நான் எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டிவிட்டுக் காப்பி போட எழுந்து போய்விடுவாய். என் வீட்டுக்காரி போன பிறகு வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை என்று சொன்னதற்கும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே தலையாட்டினாய். கடிதத்தில் மட்டும்தான் நீ என் அக்காவாக இருக்கிறாய். ரெண்டு வேளையும் சோறு திங்கிறாயா என்று கேட்பாய், சட்டையைத் துவைத்தாயா என்று கேட்பாய், என் மகன் கோயம்புத்தூரிலிருந்து வராததற்கு அவனையும் சேர்த்துத் திட்டுவாய். என்னை ஏலே என்று கூப்பிட இந்த உலகத்தில் இனி வேறு ஆள் கிடையாது. அது நின்றுபோனால் எனக்கு என்ன மிச்சம்?

ஆகவே, உனக்கு விளங்கும்படி எழுதியே தீருவது என்று கிளம்பினேன். பேகம்பூரில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் அப்துல் கையூம் பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "பால்பாயிண்ட் எழுத்து வயசான கண்ணுக்குப் பத்தாது சாரு. பட்டை நிப்பு போட்ட மைப்பேனா வாங்குங்க. எழுத்து கம்பி மாரி நிக்கும்" என்று ஒரு பேனாவையும் கறுப்பு மைப்புட்டி ஒன்றையும் தலையில் கட்டினார். வீட்டுக்கு வந்து, கிடந்த நோட்டுத் தாளைக் கிழித்து 'அன்புள்ள அக்கா' என்று எழுதினேன். கம்பி மாதிரி நிற்கவில்லை. போட்ட மை தாளுக்குள் இறங்கி நாலாபக்கமும் ஓடியது. 'அ' எங்கே முடிகிறது, 'ன்' எங்கே தொடங்குகிறது என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. பின்பக்கம் திருப்பினால் அங்கேயும் ஒரு கடிதம் தலைகீழாகத் தயாராக இருந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல் இரண்டு பக்கமும் எழுதித் தபாலில் சேர்த்தேன். உன்னிடமிருந்து பதில் வரவில்லை. கோபமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடியும் பாயிடம் போனேன். "அப்ப மை குடிக்காத தாளா பாத்துத் தாரேன்" என்று வழவழவென்று முகம் தெரிகிற தாள் ஒன்றைக் கொடுத்தார். சொன்னபடியே அது குடிக்கவில்லை. சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. காலையில் எழுதியது மத்தியானம் வரை ஈரமாகவே நின்றது. ஊதிப் பார்த்தேன், பவுடர் தூவிப் பார்த்தேன், கடைசியில் காற்றாடியைப் போட்டேன். தாள் பறந்துபோய்ச் சுவரில் அப்பிக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் தாளில் ஒன்றும் இல்லை. அத்தனையும் சுவரில் இருந்தது, இடம் வலம் மாறி. ஓடிப் பிடித்ததில் என் வெள்ளைச் சட்டையில் மீதி. அந்தச் சட்டையோடு சின்னாளப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய், வந்தவர்கள் எல்லோரும் எனக்கு என்னவோ வந்துவிட்டது என்று தள்ளித் தள்ளி உட்கார்ந்ததைத் தனியாக எழுதுகிறேன்.

நேரே பாயிடம் போய்ச் சண்டை போட்டேன். "தாளு மேல தப்பு இல்ல சாரு. நீங்க எழுதுறதே கபடி ஆடுறாப்ல இருக்கு. அம்புட்டு அமுக்கு அமுக்குனா எந்தத் தாளு தாங்கும்?" என்றார். கோபம் வந்தாலும், மனுஷன் நல்லவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கண்ணன் என்பவர் அச்சகம் வைத்திருக்கிறார், அவரிடம் வெட்டிப்போட்ட கெட்டித் தாள் கிடக்கும் என்று வழி சொல்லி அனுப்பினார்.

அக்கா, அங்கேதான் கிடைத்தது. பாலாடை நிறத்தில், தொட்டால் மொரமொரவென்று, மடக்கினால் முறியாத தாள். பேனாவை வைத்துப் பார்த்தேன். மை வைத்த இடத்தில் நின்றது, நொடியில் காய்ந்தது, பின்பக்கம் பளிச்சென்று இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது, தாளைச் சுற்றி நாலு பக்கமும் அச்சடித்திருந்த கறுப்புக் கோடு. நான் மைதானத்து ஆள். கோடு போட்டிருந்தால் அதைத் தாண்ட மாட்டேன். இனி என் வரிகள் மேலும் கீழும் ஓடாது என்று சந்தோஷப்பட்டு, அதே கோடு போட்ட உறையும் கேட்டு வாங்கினேன். கண்ணன் என் கண்ணீரைப் பார்த்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மனசத் தேத்திக்கங்க சார். எத்தனை பேருக்கு அனுப்பணும்?" என்றார். "ஒருத்தருக்குத்தான். எங்க அக்காவுக்கு" என்றேன். "வேற யாருமே இல்லையா சார்?" என்றார். "இல்ல" என்றேன். அவர் காசே வாங்கவில்லை. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு வியாபாரியா என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

கருமாதிப் பத்திரிகைக்கு என்று வைத்திருக்கும் தாள் அது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எத்தனை பேருக்குக் கருமாதி பார்த்திருக்கிறேன், எத்தனை பத்திரிகையை வாங்கிப் படித்து வாசலிலேயே கிழித்துப் போட்டிருக்கிறேன்! ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்கு அது கபடிக் கோடாகத்தான் தெரிந்தது. அதிலேயே எழுதித் தபாலில் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை தபால்காரர் உன் வீட்டு வாசலில் நின்று நீட்டியபோது மணிமேகலை பார்த்தது இவ்வளவுதான்: சுற்றிலும் கறுப்புக் கோடு, மூலையில் என் பெயர். அதற்கு மேல் பிரித்துப் படிக்க என்ன இருக்கிறது? அப்படிப்பட்ட கடிதம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அங்கேயே நாலாகக் கிழித்து வாய்க்காலில் போட்டுவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "செத்தவங்களுக்கு யாரு மாமா போன் போடுவா?" என்றாள். அவள் கேட்டதும் சரிதான்.

ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பாதிப் பேர் அழ வந்தவர்கள், மீதிப் பேர் சண்டைக்கு வந்தவர்கள். கருமாதிப் பத்திரிகை வருகிற வரைக்கும் தாய்மாமன் செத்த சேதியை மருமகனுக்குச் சொல்லாமல் விட்டார்களே என்று பொன்னழகுக்குப் பொறுக்கவில்லை. தெருமுனையிலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்தான். நான் நம் தெருவில் யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, துக்கம் கேட்க வெளியே வந்தேன். என்னைப் பார்த்ததும் அழுகை அப்படியே நின்றது. பொன்னழகுதான் முதலில் வாயைத் திறந்தான். "உசுரோடதான் இருக்கீகளா மாமா?" என்றான். அவன் கேட்ட தோரணையில், நான் ஏதோ வாக்குத் தவறிவிட்ட மாதிரி எனக்கே கூச்சமாகிவிட்டது. கொண்டுவந்த மாலையை எங்கே போடுவது என்று தெரியாமல் என் ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டினார்கள். வந்தவர்களைப் பட்டினியாக அனுப்பக்கூடாது என்று பிரியாணி வாங்கினேன். துக்கத்துக்குக் கிளம்பி வந்தவர்கள் கறி தின்னலாமா என்று செத்த நேரம் விவாதம் நடந்தது. நான் சாகாததால் தின்னலாம் என்று முடிவாயிற்று.

இதுவரைக்கும் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது மணிமேகலைதான் சொன்னாள்: "அத்தைகிட்ட ஒண்ணும் சொல்லாமக் கெளம்பிட்டோம் மாமா. ரத்தக் கொதிப்பு இருக்கே, தாங்க மாட்டாங்கன்னு விட்டுட்டு வந்துட்டோம். வேன் எடுக்கையில வாசல்ல நின்னு, யாருடி, யாருடின்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க." எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வீடே அழுகிறது, யார் போனது என்று கேட்கிறாய், பதில் சொன்னாலும் உனக்குக் கேட்காது, எழுதிக் காட்டவும் ஒருவருக்கும் நேரமில்லை. பொழுதுக்கும் நீ அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து யாருக்காக அழுதாய் அக்கா?

அதனால்தான் இதை எழுதுகிறேன். அதே கெட்டித் தாள்தான், ஆனால் கறுப்புக் கோட்டைக் கத்தரிக்கோலால் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டேன். கோடு இல்லாததால் வரிகள் கொஞ்சம் ஓடியிருக்கும், மன்னித்துக்கொள். ஒவ்வொரு எழுத்தையும் கட்டைவிரல் பருமனுக்கு எழுதியிருக்கிறேன், அதனால் தாள் கட்டு கனமாகிவிட்டது. கிழித்துப்போட்ட கடிதத்தில் நான் எழுதியிருந்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. 'எழுதாதே என்று மட்டும் சொல்லாதே' என்பதுதான். நேரில் வந்து சொல்லியிருப்பேன். வேன் வாடகை கொடுத்த கோபம் ஆறும் வரைக்கும் இந்தப் பக்கம் வந்துவிட வேண்டாம் என்று பொன்னழகு கைகூப்பிக் கேட்டுக்கொண்டான். இது விளங்கினதா என்று ஒரு வரி எழுதிப் போடு. திட்டி எழுதினாலும் சரிதான், அதுவே எனக்குப் போதும்.

உன் பாதம் தொட்டு வணங்குகிறேன். பொன்னழகுக்கும் மணிமேகலைக்கும் என் ஆசிகள். பேரப்பிள்ளைகள் நல்ல கையெழுத்தோடு வளரட்டும். விசாரித்தவர்களுக்கும், என் கருமாதிக்கு வந்தவர்களுக்கும் என் நன்றியைச் சொல்லவும்.

என்றும் உன் அடி வாங்கக் கடமைப்பட்ட தம்பி,
பொம்மையன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மணிமேகலை போன் செய்தாள். "லெட்டரு போடாதீங்க மாமா. அத்தைக்கு இப்பக் கண்ணு சுத்தமாத் தெரியல. முன்னாடியே போயிக்கிட்டு இருந்துருக்கு, எங்ககிட்டச் சொல்லல. நேத்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். நரம்பு போயிருச்சு, இனி வராதுன்னுட்டாங்க" என்றாள். உனக்கு என் கையெழுத்து விளங்காமல் போனதற்கு என் கையெழுத்து காரணமே இல்லை. அது தெரியாமல் நான் ஊரெல்லாம் தாள் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். மேலே எழுதியிருக்கும் எதையும் இனி நீ படிக்கப் போவதில்லை.

இன்னொன்றும் சொன்னாள். வேன் திரும்பி வந்ததும், "பொம்மையன்தான?" என்று கேட்டாயாம். எல்லோரும் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்களாம். உனக்கு அது தெரியவில்லை. ஒருவரும் பதில் பேசவில்லை என்று நீயே முடிவு செய்துகொண்டாய். அன்றிலிருந்து தினமும் என் பெயரைச் சொல்லி ஒரு பிடி சோறு காக்காய்க்கு வைக்கிறாயாம். காக்காய் நன்றாகச் சாப்பிடுகிறதாம். தொட்டு, உலுக்கிச் சொல்லப் பார்த்தால், "விடுங்கடி, எனக்குத் தெரியும்" என்று கையை உதறிவிடுகிறாயாம்.

பொன்னழகு கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். நாளைக்கு விடிந்ததும் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி வருகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் உள்ளங்கையை விரித்துப் பிடித்து, என் விரலால் எழுதப் போகிறேன். ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக. புரியவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடியும் எழுதுவேன். எனக்கு வேறு வேலை இல்லை.

கையை மட்டும் உதறிவிடாதே அக்கா. நான்தான்.