ஹான்ஸ் அனுப்பிய ஐயாயிரத்து ஒன்று

பெண்டாட்டியை ஒரு வேலையிலிருந்து நிறுத்த அவளுக்குச் சம்பளம் கொடுப்பது என்று முடிவெடுத்த ஒரே ஆண்மகன் தூத்துக்குடியில் லிங்கராஜ்தான். அந்தப் பெருமையை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் அவருக்கு வலையும் கயிறும் விற்கும் கடை. சாயங்காலமானால் மனைவி பொன்செல்வி கல்லாவில் உட்காருவாள்; இவர் கேரம் கழகத்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கே இவர் கௌரவச் செயலாளர். பலகை துடைப்பது, பவுடர் போடுவது, கடைசியில் பூட்டுவது எல்லாம் இலவசச் சேவை. வீட்டில் குடித்த தம்ளரை நகர்த்தி வைக்காத மனுஷர்.

இந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது. பொன்செல்வி ‘வாடை’ என்று ஒரு செயலி எழுதினாள். இன்றைக்குக் கச்சான் காற்றா, வாடைக் காற்றா, கடலுக்குப் போகலாமா என்று அது வள்ளக்காரர்களுக்குச் சொல்லும். காசு கிடையாது. அதன் நிரலையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருந்தாள். மணப்பாட்டிலிருந்தும் எங்கெங்கிருந்தோவும் முகம் தெரியாதவர்கள் திருத்தி அனுப்பினார்கள். சாயங்காலம் அவள் மடிக்கணினியை விட்டு எழுவதே இல்லை. இப்படியே போனால் கேரத்தை விட்டுவிட்டுத் தானே கல்லாவில் உட்கார வேண்டிவரும் என்று லிங்கராஜ் கணக்குப் போட்டார்.

“ஏளா, பைசா வராத வேலைக்கு எதுக்கு இந்தப் பாடு?”

“கேரம் பலகை துடைக்கதுக்கு உங்களுக்கு எவ்வளவு தாராங்க?”

“அது சேவை.”

“இதுவும் அதான்.”

கழகத்தில் சிவசுப்பிரமணியன் வழி சொன்னார். வங்கியில் ஓய்வு பெற்றவர். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். “ஆசைக்குச் செய்யுதவங்க கையில காசைக் குடுத்துப் பாரும்வே. அப்புறம் அது வேலையாயிரும். ஆசை ஓடியே போயிரும்.”

‘வாடை’ பக்கத்தில் நன்கொடைக்கு ஒரு பொத்தான் இருந்தது. லிங்கராஜ் ஜெர்மனிக்காரர் ஹான்ஸ் ஆனார். வெள்ளிக்கிழமை ராகு காலம் கழியட்டும் என்று காத்திருந்து, ஐயாயிரத்து ஒரு ரூபாய் அனுப்பினார். கூடவே இங்கிலீஷில் ஓர் அதட்டல்: பணம் தந்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் அலை உயரமும் காட்ட வேண்டும். இங்கிலீஷ் தடுமாறத்தான் செய்தது. ஜெர்மனிக்காரனுக்கு அப்படித்தானே வரும் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

பொன்செல்வி படித்துவிட்டு, “யாரோ புண்ணியவான்” என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் கழகத் தலைவர் காசிலிங்கம் அண்ணாச்சி லிங்கராஜைக் கூப்பிட்டார். “பேர் சொல்ல விரும்பாத ஒருத்தர் செயலாளருக்குச் சம்பளம் தந்திருக்காருவே.” ஊர் தன் அருமையைத் தெரிந்துகொண்டதே என்று லிங்கராஜுக்குக் கண் கலங்கியது. கவருக்குள் ஐயாயிரத்து ஒன்று இருந்தது. அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை.

மறுநாளே கழகத்தில் பேச்சு மாறியது.

“செயலாளரே, பவுடர் ஏன் கட்டியா கெடக்கு?”

“பத்து நிமிஷம் லேட்டுவே. சம்பளம் வாங்குதீருல்லா?”

சிவசுப்பிரமணியனே டீ வாங்கி வரச் சொன்னார். நேற்றுவரை பாட்டுப் பாடிக்கொண்டு துடைத்த பலகையைப் பார்த்தாலே லிங்கராஜுக்கு எரிச்சல் வந்தது. மாதம் முடியுமுன்னே, “நான் என்ன கூலிக்காரனா?” என்று சாவியைத் தலைவர் முன்னால் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

போக்கிடம் இல்லாமல் அன்று சாயங்காலம் கல்லாவில் உட்கார்ந்தார். பின்னால் பொன்செல்வி மடிக்கணினியோடு இருந்தாள்.

“ஹான்ஸ இனிமே அனுப்ப வேண்டாம்னு சொல்லிருங்க.”

லிங்கராஜ் கல்லாவைத் திறந்து சில்லறை எண்ணினார். “எந்த ஹான்ஸு?”

“ஜெர்மனிக்காரன் எவனாவது மொய் எழுதுத மாதிரி ஒத்த ரூபா சேத்து அனுப்புவானா? அதுவும் ராகு காலம் பாத்து?”

“ஏளா, அந்த ரூபா எங்க?”

“நீங்கதான கவர்ல வாங்குனீங்க. அண்ணாச்சிகிட்ட நான்தான் குடுத்தேன். காசு வாங்குனா ஆசை போயிருமா போகாதான்னு, இலவசமா நிரல் எழுதுத எங்க ஆளுக வருஷக்கணக்கா சண்டை போடுதாங்க. நீங்க ஒரே மாசத்துல தீத்து வச்சிட்டீங்க.”

மிச்சமிருந்த மானத்தைத் திரட்டிக்கொண்டு லிங்கராஜ் கேட்டார். “சரி, கல்லாவுல உக்காருததுக்கு எனக்கு என்ன தருவ?”

பொன்செல்வி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒண்ணும் கிடையாது. குடுத்தா ஆசை போயிரும்லா.”