வெள்ளிக்கிழமைக் காயம்

விழுந்த பிறகுதான் எந்தக் காலில் அடி என்று வேல்சாமி யோசித்தான்.

இடது என்று முடிவு செய்து, அதைப் பிடித்துக்கொண்டு முனகினான். ஸ்பின்னிங் மெஷின்களின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை, உரக்க முனக வேண்டியிருந்தது.

திட்டம் சின்னது. ராஜபாளையத்து மில்லில் அவனுக்கு வார லீவு செவ்வாய். பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட்டில் அவன் மனைவி இருளம்மாளுக்கு வெள்ளி. கல்யாணமாகி வருஷம் ஒன்றாகப் போகிறது; பகல் வெளிச்சத்தில் அவள் முகத்தை ஆற அமரப் பார்த்ததில்லை. பிளவக்கல் அணைக்குக் கூட்டிப்போவதாகக் கொடுத்த வாக்கு அப்படியே கிடந்தது. இன்றைக்கு வெள்ளி. மேஸ்திரி பார்த்து, "வீட்டுக்குப் போலே" என்றால் போதும். அடுத்த பஸ்ஸில் இரண்டு பேரும் அணைக்குப் போய்விடலாம்.

மேஸ்திரி காளிராஜ் வந்தார். பார்த்தார்.

"செத்த இரு. சக்ரபாணி சார்ட்ட சொல்லிட்டு வாரேன். பாதுகாப்பு வாரம்லா."

வேல்சாமி இடது காலை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அது 1988 மார்ச். மில்லின் பாதுகாப்பு அதிகாரி சக்ரபாணி நேற்றுத்தான் கேட்டில் மைக் பிடித்து ஒரு மணி நேரம் பேசியிருந்தார்.

"வேல்சாமி, ஒரு தொழிலாளி ஒரு நாள் படுத்தா யாருக்கு நஷ்டம்? நேத்து சொன்னேனே," என்றபடியே சக்ரபாணி வந்தார்.

"எனக்குத்தான் சார். ஒரு நாள் சம்பளம்."

"தேசத்துக்குப்பா. சீக்காலயும் காயத்தாலயும் நாட்டுல நூற்காமக் கிடக்கற நூலையெல்லாம் சேர்த்தா..." அவர் இரண்டு கைகளையும் விரித்தார். போதவில்லை.

"அப்ப வீட்ல படுத்து எந்திரிச்சு நாளைக்கே வந்திருதேன் சார். தேசத்துக்கு மிச்சம்."

"அரைகுறையா ஆறின காலு இன்னும் நஷ்டம். ஜீப்புல ஏறு."

ஜீப் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பறந்தது. பிளவக்கலுக்குப் போகிற அதே ரோடு. இருளம்மாள் உட்கார வேண்டிய இடத்தில் சக்ரபாணி உட்கார்ந்து, அம்மை, காய்ச்சல், கை முறிவு என்று வரிசையாக தேச நஷ்டம் சொல்லிக்கொண்டே வந்தார்.

எலும்பு டாக்டர் வலது காலை அமுக்கினார். பயத்தில் வேல்சாமி அலறிவிட்டான்.

"அடிபட்டது இடதுன்னியே?" என்றார் சக்ரபாணி.

"வலி மாறி மாறி வருது சார்."

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "முறிவு எதுவும் தெரியலையே."

"தெரியாத முறிவா இருந்தா, டாக்டர்?" என்றார் சக்ரபாணி.

வெளியே கூட்டம் காத்திருந்தது. டாக்டர் பெருமூச்சு விட்டார். "சரி. இடதுக்கு மாவுக்கட்டு, வலதுக்குத் துணிக்கட்டு. மூணு வாரம் கால் தரையில படக்கூடாது."

நர்ஸ் பேண்டேஜைப் பிரித்தாள். பஞ்சு வாசனை. சாயங்காலம் ஷெட்டிலிருந்து திரும்பும் இருளம்மாளின் தலைமுடியில் இருக்கிற அதே வாசனை. தேசத்தில் யாராவது எங்கேயாவது விழுந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டுப்போட அவள் நெய்துகொண்டே இருக்கிறாள். அவளைப் பார்ப்பதற்காக விழுந்தவன் இவன் ஒருத்தன்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் போன பேச்சை எந்த அதிகாரி நஷ்டத்தில் சேர்ப்பார்?

பரவாயில்லை. வெள்ளியில் பாதி இன்னும் மிச்சம். அணை இல்லாவிட்டால் என்ன, அவள் எதிரே உட்கார்ந்திருந்தால் போதும். அதுவும் மூன்று வாரம் என்றால் மூன்று வெள்ளி. வலிக்காத இரண்டு கால்களையும் அவன் பிரியமாகப் பார்த்தான்.

ஜீப் டிரைவரும் கூட வந்திருந்த காளிராஜும் அவனைத் தூக்கிவந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். கதவு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இருளம்மா எங்கக்கா?"

"ஷெட்டுக்குப் போயிருக்கா."

"இன்னைக்கு அவளுக்கு லீவுல்லா?"

பெத்தம்மாள் முதலில் மாவுக்கட்டைப் பார்த்தாள், பிறகு துணிக்கட்டைப் பார்த்தாள்.

"உன்ட்ட சொல்லப்படாதுன்னு சொன்னா. கூட வேலை செய்யிறவகிட்டக் கெஞ்சிக் கூத்தாடி லீவைச் செவ்வாக்கெழமைக்கு மாத்திட்டாளே. அணைமேல அந்த முனையிலருந்து இந்த முனை வரைக்கும் உங்கூட நடக்கணுமாம்."