எல்லோரும் சரி சொன்ன கீழ் வீடு

ஜூன் 14, சனிக்கிழமை, காலை 10.20. வீட்டில் ஆள் மூன்று, முடிவு பூஜ்யம்.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூவரும் சௌக்கியம். நீயும் மாமாவும், உன் வயிற்றில் இருக்கிற ஆளும் சௌக்கியம் என்று நேற்றே போனில் சொல்லிவிட்டாய், அதனால் மறுபடி கேட்கவில்லை. பிறகு எதற்குக் கடிதம் என்றால், போனில் எதைப் பேசினாலும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இது ஸ்பீக்கருக்கு ஆகாத சமாசாரம். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: உன் மாடி வீட்டுக்குக் கீழே காலியாகிற வீட்டுக்கு நாங்கள் குடிவருவதாகப் பேச்சு நடக்கிறதே, அதில் ஒருத்தருக்கும் இஷ்டமில்லை.

கோபப்படாமல் மேலே படி. மனிதர்கள் எப்படி யோசிக்கிறார்கள், எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்கிற இடத்தில் நான் வேலை பார்க்கிறேன். ஆராய்வது அவர்கள், வயரும் கேமராவும் பட்டன் பெட்டியும் என் பாடு. இந்த முடிவெடுக்கும் நிபுணர்கள் நாலு பேரும் ஏ.சி.யை எத்தனையில் வைப்பது என்று ஆறு மாதமாக முடிவெடுக்கவில்லை. நான் பேசாமல் இருபத்துநாலில் நிறுத்திவிட்டு, பேட்டரி இல்லாத ரிமோட்டை மேஜைமேல் வைத்தேன். ஆளுக்கொரு தரம் அமுக்கிவிட்டு "இப்பதான் நல்லா இருக்கு" என்கிறார்கள். இருந்தாலும் அவர்கள் செய்கிற சோதனை ஒன்று எனக்குப் பிடிக்கும். பத்துப் பேரைச் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டால் முதல் ஆள் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள், தனித்தனியாக அறைக்குள் விட்டுக் கேட்டால்தான் உண்மை வரும் என்கிறார்கள். நம் வீட்டில் எல்லா முடிவும் சாப்பாட்டு மேஜையில்தானே நடக்கிறது, பிறகு எப்படி உருப்படும் என்று நானே சோதனையில் இறங்கிவிட்டேன்.

முதலில் அப்பாவை பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். அம்மா கேட்டுவிடக் கூடாதென்று உள்ளே வாஷிங் மெஷினை ஓடவிட்டிருந்தேன். "அப்பா, உண்மையைச் சொல்லுங்க, அங்கே போக உங்களுக்கு இஷ்டமில்லைதானே?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எனக்கென்னடா, உங்கம்மா பொண்ணுகூட இருக்கணும்னு தவிக்கிறா, நான் குறுக்கே நிக்கலாமா" என்றார். "அம்மாவை விடுங்க, நீங்க?" என்றதும், "இந்தப் பார்க்ல நடந்து பழகிடுச்சு, போகாட்டியும் ஒண்ணுமில்ல" என்றார். சரி என்று அம்மாவைப் பிடித்தால், "நான் எங்கடா கேட்டேன், உங்கப்பாதான் பேரன்கூட விளையாடணும்னு குதிக்கிறார்" என்கிறாள். இன்னும் பிறக்கவே இல்லையே, பேரனா பேத்தியா என்றே தெரியாதே அம்மா என்றால், "அதுக்குள்ள பந்து வாங்கிட்டார்டா அந்த மனுஷன்" என்றாள். உனக்கு இஷ்டமில்லைதானே என்று நேரடியாகக் கேட்டதற்கு, "இல்லேன்னே வச்சுக்கோயேன்" என்று பதில்.

பாதியில் விட்டால் ஆராய்ச்சி ஆகாது என்று மாமாவுக்கும் போன் போட்டேன். "பக்கத்துல யாரு?" என்றார். யாருமில்லை என்றேன். "இரு, நான் பாத்ரூமுக்குப் போயிடறேன்" என்று போய்த் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டு, "மாப்ளே, மாமனார் கீழ் வீட்டுக்கு வந்துட்டா நான் அரை டிராயரோட படி இறங்க முடியுமா? ஆனா உங்கக்கா ஆசைப்படறா, அதான் வாயைத் திறக்கலை" என்றார். அப்பா அம்மாவுக்காக, அம்மா அப்பாவுக்காக, மாமா உனக்காக, நான் இவர்கள் எல்லோருக்காகவும். நீயும் அம்மா ஏங்குகிறாள் என்று நினைத்துத்தான் கூப்பிட்டிருப்பாய் என்பது என் கணிப்பு. ஒருத்தருக்குக்கூட வேண்டாத வீட்டுக்கு அஞ்சு பேர் தலையாட்டியிருக்கிறோம். நாளைக் காலை இதை ஆள் மூலம் உன்னிடம் சேர்த்துவிடுகிறேன். நாளை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாரே வீட்டுக்காரர், வேண்டாம் என்று சொல்லிவிடு. பிரசவத்துக்கு அம்மா பத்து நாள் முன்னால் வந்துவிடுவாள், கவலைப்படாதே.

கனமானதைத் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு. பாத்ரூமில் இருந்து வெளியே வந்திருந்தால் மாமாவுக்கு என் வணக்கம். வரப்போகிற ஆளுக்கு மாமனின் ஆசி, முன்பணமாக.

உன் தம்பி

பி.கு.: ஞாயிறு பகல். மேலே இருப்பதெல்லாம் தப்பு.

அனுப்புவதற்கு முன்னால், பெருமை தாங்காமல் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து மேடத்துக்குப் போன் செய்து சோதனையை விவரித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "கேக்கறப்போ நீ எங்கே இருந்தே?" என்றார். எதிரேதான் நின்றேன் என்றேன். "மூஞ்சியை எப்படி வச்சிருந்தே?" என்றார். அதை நான் கவனிக்கவில்லை. "நீ அந்த அறையில இருந்தா அது எப்படிப்பா தனி அறை?" என்று வைத்துவிட்டார்.

கடுப்பில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவன், குடைக்காகத் திரும்பி வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அம்மா, "பாவங்க, அவனுக்கு அந்த வேலையை விட மனசில்லை. இஷ்டமில்லைதானேன்னு கேக்கறப்போ அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே" என்கிறாள். அப்பா, "அதான் நானும் பார்க்குன்னு ஒண்ணை எடுத்து விட்டேன். நாய்த் தொல்லைல நான் அந்தப் பக்கமே போறதில்லை" என்கிறார். "பெரிய பாத்திரமெல்லாம் கட்டி கட்டிலுக்கடியில வச்சிட்டேன். இப்போ பிரிக்கணுமா?" என்றாள் அம்மா. பத்து நாள் முன்னால் போனால் போதுமா, முதல் குழந்தையாச்சே, அவள் தனியாக மாடி ஏறி இறங்குகிறாளே என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனாள்.

உள்ளே போனேன். வேலையை யார் விடச் சொன்னது, அங்கேயிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தானே என்றேன். இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று இருவரும் சேர்ந்து திட்டினார்கள். திட்டி முடித்து அம்மா, "சரி, உனக்கு என்னடா இஷ்டம்?" என்றாள். "உங்க ரெண்டு பேருக்கும் எது வசதியோ அதுதான்" என்றேன். அப்பா அவளிடம், "இவனைத் தனியா பால்கனிக்குக் கூட்டிட்டுப் போய்க் கேளு" என்றார்.

கடிதத்தைக் கிழித்திருக்கலாம். இவ்வளவு எழுதிவிட்டோமே என்று மனசு வரவில்லை. இந்தப் புத்திக்கும் மேடம் ஒரு பெயர் வைத்திருக்கிறார். இனி நான் செய்யப்போவது:

1. உடனே வீட்டுக்காரருக்குப் போன் செய்து, வருகிறோம் என்று நானே சொல்லிவிடுவது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

2. அடுத்த சனிக்கிழமைக்கு லாரி பேசுவது.

3. அப்பாவும் வீட்டில் அரை டிராயர்தான் என்று மாமாவுக்குத் தெரிவிப்பது.

4. காலை ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுப்பது. எனக்கும் அங்கே வரத்தான் இஷ்டம், பால்கனியில் ஒப்புக்கொண்டேன்.

5. குழந்தை பிறந்ததும் எல்லோருக்கும் முந்திக்கொண்டு உள்ளே ஓடி, "அப்படியே தாய்மாமன் ஜாடை" என்று உரக்கச் சொல்லிவிடுவது. அதற்கப்புறம் வருகிறவர்கள் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது.