வைஃபையைக் கழற்றிய இடத்தில் கிராபிக்ஸ் கார்டு

அன்புள்ள தம்பிக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா நலம், நான் சுமார், லேப்டாப் உயிரோடு இருக்கிறது. நீயும் உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தை நீ முழுத் தெம்போடு படித்தாக வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நீ சிரிக்கிறாய், மூன்றாவதில் "அது ரொம்ப சிம்பிள் அத்தான்" என்கிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார்.

முதலில் உன் நினைவுக்கு. உன் அக்கா இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டாள். வரைந்தது இவள், கீழே கையெழுத்து முதலாளியுடையது. அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, முதல் முறையாகத் தன் பெயரிலேயே ஒரு வேலைக்கு விண்ணப்பித்தாள்: பொது நூலகத்தில் குழந்தைகளுக்கு ஒரு வாசிப்பறை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நூலகக் குழுவுக்கு ஒரு நகரும் படம் போய்ச் சேர வேண்டும், அந்த அறைக்குள் நாமே நடந்து போவது போல. இவளுடைய லேப்டாப்போ, ஒரே ஒரு படத்தை முடிக்கக் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கும். நகரும் படத்துக்கு அப்படி ஆயிரக்கணக்கில் வேண்டுமாம். புது லேப்டாப் வாங்கலாம் என்று நான் சொன்னேன். சொன்னேனா இல்லையா? நீதான், "எதுக்கு அத்தான் புதுசு? என்கிட்ட டெஸ்க்டாப்புக்குப் போடுற கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு சும்மா கிடக்கு. அனுப்பி வைக்கிறேன், வெளியில இருந்து சொருகினா போதும். அப்படியே ரேமும் ஒண்ணு போடுறேன். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட்டையே கழட்டி மாட்டினவர் நீங்க, இது என்ன பெரிய விஷயம்" என்றாய். அங்கேதான் நான் விழுந்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த முப்பத்தொரு வருஷத்தை யாரும் எனக்கு எண்ணிச் சொன்னதில்லை.

பார்சல் சனிக்கிழமை வந்தது: ஒரு ரேம், ஒரு கார்டு, கார்டை உட்காரவைக்கக் கேபிளோடு ஒரு அடாப்டர். கார்டைப் பார்த்ததும் உன் அக்கா, "இதுக்குள்ள லேப்டாப்பைச் சொருகணுமா, லேப்டாப்புக்குள்ள இதைச் சொருகணுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இரண்டு விசிறிகள் வைத்த செங்கல் மாதிரி இருந்தது அது. சரி, சின்னதிலிருந்து தொடங்குவோம் என்று முதலில் ரேமை எடுத்தேன். லேப்டாப்பின் அடிமூடியில் பதினொரு திருகுகள். பதினொன்றும் ஒரே அளவு என்று நினைத்து ஒரு கிண்ணத்தில் போட்டேன். ஏழு குட்டை, நான்கு நெட்டை என்பது மூடும்போதுதான் தெரிந்தது. ஒரு நெட்டை மேல்பக்கத்தைத் துளைத்து, இப்போது கைவைக்கிற இடத்தில் பரு மாதிரி நிற்கிறது. ஆன் செய்தால் திரை கறுப்பு, உள்ளே இருந்து மூன்று தரம் "பீப்". உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை, உன் ஊரில் அப்போது நடு இரவு. லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு தெருமுனை ரிப்பேர் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்கார அம்மா கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டால் தலை நிமிர்வதில்லை. வந்திருப்பது மனிதனா மாடா என்றுகூடப் பார்ப்பதில்லை.

"நீங்களா கழட்டினீங்க?"

"ஆமாம்மா."

"அழுத்துனீங்களா?"

"மெதுவா வச்சேன். உடைஞ்சிடப் போகுதேன்னு."

"பூவா அது, மெதுவா வைக்க? க்ளிக்குன்னு சத்தம் கேக்குற வரைக்கும் அழுத்துங்க."

அங்கேயே அழுத்தினேன். க்ளிக் என்றது. வேலை செய்தது. வீடு திரும்பும்போது எனக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை கார்டு. வெளியில் இருந்து சொருகினால் போதும் என்றாயே, எதில் சொருகுவது என்று சொன்னாயா? லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், உன் கேபிளுக்கு ஒரு ஓட்டையும் இல்லை. போன் செய்தால், "ஓ, பழைய மாடலா? அப்ப உள்ள இருக்குற வைஃபை கார்டைக் கழட்டிட்டு அந்த இடத்துல சொருகணும் அத்தான்" என்கிறாய், சட்டையைக் கழற்றிவிட்டு வேறு சட்டை போடச் சொல்வது போல. கழற்றினேன். தலைமுடி கனத்தில் இரண்டு ஒயர்கள், நுனியில் கடுகளவு தங்கக் குமிழ், "டப்" என்று தெறித்து எழுந்தன. கேபிள் உள்ளே போன பிறகு அடிமூடியை மூட முடியவில்லை, ஆகவே இரண்டு தடித்த அகராதிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, நடுவே பாலம் மாதிரி லேப்டாப்பை வைத்தேன். கார்டுக்குத் தனியாக மின்சாரம் வேண்டும் என்பதால் பரண்மேல் இருந்த பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைப் பிடுங்கிக் கொண்டுவந்து அடாப்டரில் மாட்டினேன். ஆன் செய்தேன். ஒன்றும் இல்லை. கார்டின் தலையிலும் தனியாக ஒரு பிளக் சொருக வேண்டுமாம். சொருகினேன். இரண்டு விசிறியும் ஒரே மூச்சில் சுற்றி, உன் அக்கா மேசையில் விரித்திருந்த அளவுத் தாள்கள் சமையலறை வரை போய்ச் சேர்ந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிவந்து, மேலே இட்லித் தட்டைக் கனத்துக்கு வைத்தாள்.

முதலில் கார்டுக்கு மின்சாரம், பிறகு லேப்டாப் என்றாய். அப்படிச் செய்தேன், லேப்டாப் கண் திறக்கவில்லை. முதலில் லேப்டாப், பிறகு கார்டு என்றாய். லேப்டாப் கண் திறந்தது, கார்டு யாரென்றே அதற்குத் தெரியவில்லை. ஐந்து விநாடி விட்டு என்றாய், பத்து விநாடி விட்டு என்றாய். நானும் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிரசவ அறை வாசலில் நிற்பவன் மாதிரி நின்றேன். ஏழு விநாடிக்கு வந்தது. பட்டியலில் கார்டின் பெயர், பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம். கார்டை ஓட்டுற சாஃப்ட்வேர், டிரைவர்னு பேரு, அதைப் போடணும், இன்டர்நெட்ல டவுன்லோட் பண்ணுங்க என்றாய். தம்பி, அந்த இன்டர்நெட்டைத்தான் உன் பேச்சைக் கேட்டுப் பிடுங்கி என் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

மறுபடி கடைக்கு ஓடி, பென் டிரைவில் டிரைவரை வாங்கிவந்தேன். "எதுக்கு சார்?" என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன். முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். டிரைவரைப் போட்டால் இப்போது வேறு செய்தி: பிழை எண் பன்னிரண்டு, இந்தச் சாதனத்துக்குப் போதுமான இடம் இல்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் இதிலேயே போனது. புதன் சாயங்காலம் நீ கண்டுபிடித்துச் சொன்ன வைத்தியம் என்ன என்பது உனக்கு ஞாபகம் இருக்கும், என்றாலும் எழுத்தில் இருக்கட்டும்: "ரேம் ஜாஸ்தியா இருந்தா சில சமயம் இப்படி ஆகும் அத்தான். அந்தப் புது ரேமைக் கழட்டிப் பாருங்க."

வேகம் போதவில்லை என்று ரேம் போட்டோம். இன்னும் வேகம் வேண்டும் என்று கார்டு போட்டோம். கார்டு உட்கார ரேமைக் கழற்றினோம். முப்பத்தொரு வருஷத்தில், ஒரு லிஃப்ட் மேலே போவதற்காக நான் இன்னொரு மாடியை இடிக்கச் சொன்னதில்லை.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், கழற்றியதும் வேலை செய்தது. கார்டின் படம் லேப்டாப் திரையில் வராது, தனி மானிட்டர் வேண்டும் என்று நீ கடைசியாகச் சொன்னதை மன்னித்து, கூடத்து டிவியைத் தூக்கிவந்து மாட்டினோம். வியாழன் மத்தியானம் உன் அக்கா ஒரு பட்டனைத் தட்டினாள். ஒரு நாள் எடுக்கிற படம் ஒரு நிமிஷத்துக்குள் வந்து நின்றது. சோதனைக்கு என்று நூறு படங்களை மட்டும் ஓட்டிப் பார்த்தாள். டிவியில் ஒரு கதவு திறந்தது, நாங்கள் உள்ளே போனோம். தாழ்ந்த அலமாரிகள், தரையில் மெத்தைகள், ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுகிறது. இத்தனை நாள் கோடும் எண்ணுமாகத் தாளில் பார்த்த அறை அது. "நல்லா இருக்கு" என்றேன். அவள் நின்றபடியே பார்த்தாள். பிறகு மெத்தை போட்ட இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"தரையில உக்கார்ற குழந்தைக்கு இந்த ஜன்னல்ல வானம்தான் தெரியும். தெரு தெரியாது. இன்னும் ஒரு அடி கீழ இறக்கணும்."

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

"இறக்கணுங்க."

இறக்கினாள். ஜன்னல் இறங்கினால் அலமாரி நகர வேண்டும், அலமாரி நகர்ந்தால் விளக்கு நகர வேண்டும். அதன் பிறகு முழுப் படத்தையும் ஓட விட்டாள். அது ஓடி முடிக்கிற வரை அந்த மேசைப் பக்கம் நான் யாரையும் விடவில்லை. ஒரு தும்மல் போதும், கேபிள் நழுவிவிடும். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட்டோம். வெள்ளி மூன்றரைக்குப் படம் முடிந்தது. அதை அனுப்ப இன்டர்நெட் வேண்டுமே. வைஃபை கார்டைத் திரும்பப் போட்டால் அந்தக் கடுகுக் குமிழ் உட்கார மாட்டேன் என்கிறது, என் விரலோ அதற்கு ரொம்பத் தடிமன். உன் அக்கா பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு செருப்பை மாற்றிப் போட்டதுகூடத் தெரியாமல் கடைக்கு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். நான்கு நாற்பதுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. கடைக்கார அம்மா பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்: "போனை ஒயர் போட்டு லேப்டாப்புல சொருகியிருந்தா வீட்டுலயே இன்டர்நெட் வந்திருக்குமே. யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை, தம்பி. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற ஒருவன் எங்கள் குடும்பத்தில் உண்டு, அவனும் சொல்லவில்லை.

இன்று புதன். முடிவு இன்னும் தெரியவில்லை. வேலை கிடைத்தால் அது உன் அக்கா கைக்கும் என் முதுகுக்கும் கிடைத்த வெற்றி. உன் கார்டுக்கு அதில் பங்கு உண்டு, உன் ஆலோசனைக்கு இல்லை. எப்படியானாலும் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனி என் ஆயுளில் எந்த லேப்டாப்பின் அடிமூடியையும் திறக்க மாட்டேன். யார் கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வேன். நீயும் இனி எதையும் அனுப்பாதே. அடுத்த விடுமுறைக்கு வரும்போது நீயே வந்து இதையெல்லாம் பிரித்து எடுத்துப் போ. அதுவரை நாங்கள் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. உனக்கும் ஆசிதான், வேறென்ன செய்வது. நீண்ட ஆயுளும், நல்ல உடம்பும், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கமும் உனக்கு வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் நூலகக் குழுவிலிருந்து போன் வந்தது. வேலை உன் அக்காவுக்குத்தான். கையெழுத்தும் அவளுடையதுதான். ஒரு விஷயம். போன புதன்கிழமை நான் பிழை எண் பன்னிரண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று அவள் அந்த அறையைப் பென்சிலால் ஆறு தாளில் வரைந்து தபாலில் அனுப்பியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, என் மனசு கஷ்டப்படுமாம். அதைப் பார்த்துத்தான் திங்கட்கிழமையே முடிவு செய்துவிட்டார்களாம். நகரும் படத்தை யாரும் இன்னும் பார்க்கவில்லை, அவர்கள் லேப்டாப்பில் அது ஓடவே இல்லையாம், அவ்வளவு பழையது. இதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று குழுத் தலைவி கேட்டார். ஒரு விநாடிகூட யோசிக்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் முதல் வாரம் போகிறேன். இதே மாதிரி கார்டும் அடாப்டரும் இன்னொரு ஜோடி உடனே அனுப்பி வை. ரேம் மட்டும் வேண்டாம், என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.