கால்பங்கு குறைந்த வீடு

உயிரே போனாலும் சம்பளச் சீட்டைப் பெண்டாட்டி கண்ணில் காட்டுவதில்லை. இப்படி ஒரு சத்தியத்தை ஒன்பது வருஷம் காப்பாற்றியவர் அந்த மனுஷர்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே கம்பெனி. பஸ் ஜன்னலுக்குக் கண்ணாடி செய்கிற இடம். எதிரெதிர் மேசை. கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்கவேண்டும். ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே வேலை. ஆனால் சம்பளம் இவருக்கு ஒரு ரூபாய் என்றால் அவளுக்கு முக்கால். அவள் கேட்டால், "உனக்கு என்னவோ அதேதான் எனக்கும்" என்பார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பெண்களுக்குக் குறைவு என்று பேச்சுக் கிளம்பியது. அவளோடு சேர்த்துப் பதினோரு பெண்களும் மேலாளரிடம் போய் நின்றார்கள். "ஆதாரம் கொண்டாங்க" என்றுவிட்டார் அவர். இவர் வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்து, சம்பளச் சீட்டுகளையெல்லாம் பீரோவுக்கு அடியில் தள்ளினார்.

அந்த வாரம்தான் வீடு சுருங்க ஆரம்பித்தது.

முதலில் துண்டு. இடுப்பில் சுற்றினால் முனை முனையை எட்டவில்லை.

"என்னடி, துண்டு சின்னதாயிடுச்சு?"

"துண்டு அப்படியேதாங்க இருக்கு. நீங்கதான் பெருத்துட்டீங்க."

மறுநாள் போர்வை. கழுத்துக்கு இழுத்தால் கால் வெளியே. அப்புறம் நாற்காலி, உட்கார்ந்தால் மேசை தாடைக்கு வந்தது. சீப்பில் கால்வாசிப் பல்லைக் காணோம். அவளுடைய சாமான் எல்லாம் முழுசு. வீட்டில் வேறு சத்தமே இல்லை. அவள் மட்டும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். பாட்டும் முக்காலில் நின்றது.

டேப் எடுத்து அளந்தார். எல்லாம் கச்சிதமாகக் கால்பங்கு குறைவு. பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் துண்டோடு ஓடினார்.

"தங்கச்சி, இதை யாராவது வெட்டியிருக்காங்களா பாரு."

"கத்தரி பட்ட தடமே இல்லையேண்ணே. தானாத்தான் குறைஞ்சிருக்கு."

"துணி எப்படிம்மா தானா குறையும்?"

"எங்க பெரியப்பாவுக்கும் துண்டுலதான் ஆரம்பிச்சுது."

"எதுல முடிஞ்சுது?"

தையல்காரி வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டாள்.

திரும்பி வந்தவர் கண்ணில் சுவரிலிருந்த கல்யாணப் போட்டோ பட்டது. அவள் முழுசாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். இவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. மெதுவாகக் குனிந்து தன் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அடியே! இந்த வீட்டுல பேய் இருக்குடி!"

"இருக்கும். எதையாவது மறைச்சு வெச்சிருக்கீங்களா? எடுத்து வெளிய வெச்சுட்டா போயிடுமாம்."

பீரோவுக்கு அடியிலிருந்து ஒன்பது வருஷச் சீட்டும் வந்து விழுந்தது. அவள் கத்தவில்லை. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவருக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

எழுதி வைத்திருந்த ஒரு காகிதத்தை நீட்டினாள். "இதுல ஒரு கையெழுத்து."

"எதுக்குடி?"

"சீட்டு உங்களுதுதான்னு. போடுங்க, பேய் போகட்டும்."

படிக்காமல் போட்டார். அவள் காகிதத்தை நாலாக மடித்தாள்.

"தையல்காரி கைவேலை வெட்டின தடமே தெரியாம சுத்தம், இல்லீங்க?"

"அடிப்பாவி! அப்ப பேய்?"

"அது ஒன்பது வருஷமா பீரோவுக்கு அடியிலதானே குடியிருந்துச்சு."

அடுத்த வாரம் மேலாளர் இவரைக் கூப்பிட்டார். மேலாளருக்குக் கண் கலங்கியிருந்தது.

"பதினோரு பேருக்கும் சம்பளத்தைச் சமமாக்கியாச்சு. உங்க கடிதம்தான் காரணம். உங்க சம்பளத்துல கால்பங்கை உங்க வீட்டம்மா கணக்குக்கு மாத்தச் சொல்லி எழுதியிருந்தீங்களே, அதையும் மாத்தியாச்சு."

"அதான் சமமாயிடுச்சே சார்! இனிமே எதுக்கு?"

"'நான் வேலையில் இருக்கும்வரை'ன்னு போட்டிருக்கீங்களே. என்ன மனசுங்க உங்களுக்கு!"

வாசலில் நின்ற பதினோரு பெண்களும் கைதட்டினார்கள். வேறு வழி தெரியாமல் அவரும் சேர்ந்து தட்டினார்.