முன்வரிசைக்கு இறங்கி வந்த என் பச்சைக் கார்

மதிப்பிற்குரிய சங்க இதழ் ஆசிரியர் திரு. க்ளைவ் வெதரால் அவர்களுக்கு,

லட்லோவிலிருந்து ஹோரஸ் பிக்கர்ஸ்டாஃப் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். இதைப் படித்ததும் கொஞ்சம் கூடினால் அதற்கு நான் பொறுப்பல்ல.

நம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தின் வழக்கம் தாங்கள் அறியாததல்ல. நாம் கூடும் மதுக்கடை வாசலுக்கு வரும் ஒவ்வொரு காரின் முன்சக்கரத்துக்கும் அதன்மேல் இருக்கும் வளைவுக்கும் நடுவே தலைவர் தன் முஷ்டியை நுழைத்துப் பார்ப்பார். நுழையாவிட்டால் முன்வரிசை, நுழைந்தால் கொல்லைப்புறம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில். பதினோரு வருடமாக நான் அந்தத் தொட்டிகளுக்கு அண்டை வீட்டுக்காரன். என் எம்ஜி கார் எழுபத்தாறில் பிறந்தது. அந்த வருடத்து வண்டிகள் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும், அது என் குற்றமா? ஆனால் போன இதழில் என் காரின் படத்தைப் போட்டு, "வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும் ஆடு" என்று கீழே எழுதினீர்களே, அன்றே முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழாவில் முன்வரிசை, இல்லாவிட்டால் சங்கத்துக்கே ஒரு முழுக்கு.

காரின் மூக்கை இறக்கக் குட்டை ஸ்பிரிங் இரண்டு வாங்கி, சனிக்கிழமை காலை, கொட்டும் மழையில் கராஜுக்குள் புகுந்தேன். கூடவே மைத்துனன் டெஸ்மண்ட், யோசனை சொல்ல மட்டும் வருபவன். ஜாக்கி போட்டு, முட்டுக்கொடுத்து, பழைய ஸ்பிரிங்கைக் கழற்றப் போனால், அது என் பேச்சைக் கேட்காமல் துள்ளிப் பறந்து, அலமாரியில் மனைவி மோரீன் அடுக்கியிருந்த மர்மலேட் ஜாடிகளில் மூன்றைக் காலி பண்ணிவிட்டது. போகட்டும் என்று புதுசை மாட்டி, போல்ட்டை எல்லாம் பலம்கொண்ட மட்டும் முறுக்கி, ஜாக்கியை எடுத்தோம். மூக்கு முன்பைவிட அரை அங்குலம் உயரம்!

மோரீன் தேநீரோடு வந்து பார்த்தாள். "ஏங்க, இறக்கறேன்னுதானே சொன்னீங்க? இப்ப ஏணி வெச்சுத்தான் ஏறணும் போலிருக்கே."

"பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிட்டீங்களா மாமா?" என்றான் டெஸ்மண்ட்.

"பழசு மர்மலேடுல கிடக்குடா!"

சர்ச் கூரைக்கு நன்கொடை கேட்டு வந்த பாதிரியாரையும் விடவில்லை. மூக்கின் ஒரு பக்கம் அவரையும் மறுபக்கம் டெஸ்மண்டையும் ஏற்றி உட்கார வைத்தால் வண்டி பணிகிறது, அவர்கள் இறங்கினால் நிமிர்கிறது. "விழா முடியற வரைக்கும் நான் இதுமேலேயே உட்கார்ந்திருக்க முடியாது பிக்கர்ஸ்டாஃப், ஞாயித்துக்கிழமை எனக்கும் கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஒளிப்பானேன், கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து நான் அழுதே விட்டேன்.

மோரீன் பொழுது போகாமல் கார் ரிப்பேர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் கண்டுபிடித்தேன்: சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டுகளை முறுக்கிவிட்டோம்! உள்ளே இருக்கும் ரப்பர் அந்த நிலையிலேயே இறுகிக்கொண்டு, வண்டியைக் கீழே உட்கார விடாமல் முட்டுக்கொடுக்கிறது. கார் தரையில் நின்ற பிறகல்லவா முறுக்க வேண்டும்! இதற்கு எவ்வளவு அனுபவம் வேண்டும் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள். நான் போல்ட்டைத் தளர்த்தினேன், நான் வண்டியை முன்னும் பின்னும் உருட்டினேன், மூக்கு சமர்த்தாக இறங்கியது, நான் மறுபடி முறுக்கினேன். இடைவெளியை அளக்கப் போன டெஸ்மண்ட் அலறினான். "மாமா, வெரல் மாட்டிக்கிச்சு! ஜாக்கியப் போடுங்க!"

"மாட்டிக்கிச்சா? மாட்டட்டும்டா! நல்லா மாட்டட்டும்!" என்று நான் ஆடாத குறை.

ஞாயிறன்று நடந்ததைத் தாங்களே பார்த்தீர்கள். தலைவர் முஷ்டியை வைத்தார், நுழையவில்லை. மோதிரத்தைக் கழற்றிவிட்டு வைத்தார், அப்போதும் நுழையவில்லை. "போய்யா பிக்கர்ஸ்டாஃப், முன்னால கொண்டு போய் நிறுத்து!" என்றார். சங்கமே கைதட்டியது. தாங்கள் கையிலிருந்த கறிப் பஃப்ஸைக் கடிக்க மறந்து நின்றதையும் கவனித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஆகவே அடுத்த இதழில் முழுப்பக்கப் படமும், அந்த ஆட்டுக்காக ஒரு மன்னிப்பும், இந்தக் கடிதம் ஒரு எழுத்துக்கூடக் குறையாமலும் வர வேண்டும்.

தங்கள் துணைவியாருக்கும் பூனைக்கும் எங்கள் அன்பு. தங்கள் வண்டி துரு அண்டாமல் நீடூழி ஓட வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
ஹோரஸ் பிக்கர்ஸ்டாஃப்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மோரீன் இதைப் படித்துவிட்டாள். போல்ட் விவகாரம் தொடங்கி 'நான்' என்று வரும் இடத்திலெல்லாம் 'மோரீன்' என்று தயவுசெய்து திருத்திப் போடவும். டெஸ்மண்ட் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறானாம். முழுப்பக்கப் படத்தில் ஸ்பானரோடு அவள்தான் நிற்பாள். வாளியில் உட்கார்ந்து அழுத இடத்தில் மட்டும் 'நான்' அப்படியே இருக்கலாம் என்று அனுமதித்திருக்கிறாள்.